இரவு வாகனச் சோதனையில் நிறுத்தினால்: ஊதுவது கடமை, போனைத் திறப்பது கடமை அல்ல

பாரிகேடுக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டியதும் நான்கு விஷயங்களைக் கேட்கக்கூடும்: லைசென்ஸ், மூச்சு, செல்போன், டிக்கி. முதல் இரண்டைக் கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பின் இரண்டுக்கு அந்தச் சட்டம் போதாது. வேறு சட்டமும் வேறு காரணமும் வேண்டும். இந்தக் கோடு எங்கே விழுகிறது என்று நிறுத்துகிறவருக்கும் தெரிவதில்லை, நிற்கிறவருக்கும் தெரிவதில்லை. ஊத மாட்டேன் என்று அடம்பிடித்துக் கைதாகிறவர், "போனைக் காட்டு" என்றதும் மறுபேச்சில்லாமல் லாக்கைத் திறந்து கையில் கொடுத்துவிடுகிறார். செய்ய வேண்டியது நேர்மாறு.

குடித்துவிட்டு ஓட்டுகிறவர் தப்பிக்க இதில் வழி எதுவும் இல்லை. அப்படி ஒரு வழி இருக்கவும் கூடாது. குடிக்காதவர் அவமானப்படாமல் வீடு போய்ச் சேரவும், குடித்தவர்மீது கூட சட்டப்படி மட்டுமே நடவடிக்கை நடக்கவும் தெரிந்திருக்க வேண்டியவை இங்கே இருக்கின்றன. சொல்லியிருப்பது இந்தியச் சட்டம். நடைமுறை தமிழ்நாட்டு நடைமுறை.

கிளம்பும் முன்

சட்டத்தின் 130ஆம் பிரிவுப்படி, சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி கேட்டால் ஓட்டுநர் லைசென்ஸைக் காட்ட வேண்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் ஆகியவற்றையும் கேட்கலாம். மத்திய மோட்டார் வாகன விதி 139, இவற்றைக் காகிதமாகவோ மின்னணு வடிவிலோ காட்டலாம் என்கிறது. டிஜிலாக்கர், எம்பரிவாகன் ஆப்களுக்குள் இருக்கும் ஆவணம் அசலுக்குச் சமம். கேலரியில் வைத்திருக்கும் போட்டோவும், வாட்ஸ்அப்பில் தம்பி அனுப்பிய படமும் அப்படி அல்ல. ஆதார் இந்தப் பட்டியலிலேயே இல்லை. கேட்டால், "லைசென்ஸ்லயே போட்டோவும் அட்ரஸும் இருக்கு சார்" என்று சொன்னால் போதும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. லைசென்ஸைக் காட்ட போனைத் திறக்கிறீர்கள். திறந்த போன் அதிகாரியின் கைக்குப் போகிறது. ஒரு விரல் தள்ளினால் உங்கள் மொத்த வாழ்க்கையும் வெளியே வந்துவிடும். ஆகவே எங்கள் முதல் பரிந்துரை பழைய வழிதான்: லைசென்ஸ் கார்டும், ஆர்.சி. கார்டும், இன்சூரன்ஸ் பிரிண்ட் அவுட்டும் ஒரு பிளாஸ்டிக் உறையில் வண்டியிலேயே இருக்கட்டும். சிக்னல் கிடைக்காத இடத்திலும் கைகொடுக்கும், போனை வெளியே எடுக்கவே வேண்டாம்.

போனில்தான் காட்டுவேன் என்றால், ஆப்பைப் பூட்டிக் காட்டக் கற்றுக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் செக்யூரிட்டி பகுதியில் 'ஆப் பின்னிங்' அல்லது 'ஸ்கிரீன் பின்னிங்' என்று இருக்கும். செட்டிங்ஸின் மேலே தேடும் இடத்தில் 'pin' என்று அடித்தாலும் வந்துவிடும். அதை ஆன் செய்துவிட்டு, அதன் கீழே இருக்கும், பூட்டிய ஆப்பை விடுவிக்கும் (unpin) முன் PIN நம்பரைக் கேட்கச் சொல்லும் வசதியையும் ஆன் செய்யுங்கள். இந்த இரண்டாவதை விட்டுவிட்டால் முதலாவதால் பயனே இல்லை. சோதனையின்போது டிஜிலாக்கரைத் திறந்து, ரீசன்ட் ஆப்ஸ் போய், மேலே உள்ள ஆப் ஐகானைத் தொட்டு 'பின்' கொடுத்தால் திரை அந்த ஆப்பிலேயே நிற்கும். ஐபோனில் இதன் பெயர் 'கைடட் ஆக்சஸ்'. அக்சசிபிலிட்டிக்குள் இருக்கும். ஆன் செய்த பிறகு பக்கவாட்டு பட்டனை மூன்று முறை அழுத்தினால் வேலை செய்யும். வீட்டில் இரண்டு முறை செய்து பார்த்துவிடுங்கள். பாரிகேடுக்கு முன்னால் கை நடுங்கும்போது முதன்முறையாகத் தேடினால் கிடைக்காது.

இன்னொன்று, விரல் ரேகையிலும் முகத்திலும் திறக்கும் வசதியை அந்த நேரத்துக்கு அணைத்து வையுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் மெனுவில் 'லாக்டவுன்' என்று ஒரு பட்டன் உண்டு. ஐபோனில் பக்கவாட்டு பட்டனையும் ஒலியளவு பட்டனையும் சேர்த்து இரண்டு விநாடி பிடித்தால், அதற்குப் பிறகு பாஸ்கோடு இல்லாமல் திறக்காது. முகத்துக்கு நேரே போனைத் தூக்கிக் காட்டித் திறந்துவிட முடியாது.

நிறுத்தும் இடத்தில்

தூரத்தில் பாரிகேடு தெரிந்ததும் யூ டர்ன் அடிக்காதீர்கள். குடிக்காதவர்கூட 'லைசென்ஸ் இல்லையே' என்று பயந்து ராங் சைடில் திரும்பி எதிரே வரும் லாரியில் மோதுகிறார். எந்த அபராதமும் அதற்கு ஈடாகாது. ஹெட்லைட்டை டிம் செய்து, இண்டிகேட்டர் போட்டு, இடது ஓரம் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, காருக்குள் விளக்கைப் போட்டுவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். இரண்டு கையும் ஸ்டீரிங்கில் தெரியட்டும். இரவு முழுக்க நின்றுகொண்டிருக்கும் எஸ்.ஐ.க்கும் உள்ளே யார் இருக்கிறார் என்ற பயம் உண்டு. விளக்கு எரிந்தால் பாதிப் பதற்றம் அங்கேயே குறையும்.

சீருடையையும் நெஞ்சில் இருக்கும் பெயர்ப் பட்டையையும் பாருங்கள். மூச்சுச் சோதனை கேட்க சீருடை கட்டாயம், அல்லது அவர் அதிகாரம் பெற்ற மோட்டார் வாகனத் துறை அலுவலராக இருக்க வேண்டும். பனியனும் ட்ராக் பேன்டும் போட்டுக்கொண்டு லத்தியோடு நிற்கிறவர் ஊதச் சொன்னால், "சீருடையில இருக்கிற சார் கேட்டா உடனே ஊதறேன்" என்று சொல்லலாம்.

வண்டிச் சாவியை எட்டிப் பிடுங்குவது இன்னும் நடக்கிறது. சாதாரணச் சோதனையில் சாவியைப் பறிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் எந்தப் பிரிவும் அதிகாரம் தரவில்லை. ஓடுகிற பைக்கில் சாவியைத் திருகினால் ஆள் விழுவார். அதற்காகக் கையைப் பிடித்து இழுத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். பொது ஊழியரின் பணியைத் தடுத்ததாக வேறு வழக்கு சேர்ந்துவிடும். பெயர், நேரம், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊதுவதைப் பற்றி

203ஆம் பிரிவின் வாசகம் முக்கியம். வண்டி ஓட்டுகிறவர் அல்லது ஓட்ட முயல்கிறவர் குடித்திருக்கிறார் என்று 'சந்தேகிக்க நியாயமான காரணம்' இருந்தால் மூச்சு மாதிரி கேட்கலாம். வருகிற எல்லோரையும் வரிசையாக ஊதவைக்கலாம் என்று அதில் இல்லை. ஆவணம் கேட்டு நிறுத்தி, இரண்டு வார்த்தை பேசி, வாடை வந்தாலோ, நாக்கு குழறினாலோ, கண் சிவந்திருந்தாலோ பிறகு கருவியை நீட்டுவதுதான் சட்டம் சொல்லும் வரிசை. நடைமுறையில் கருவிதான் முதலில் வருகிறது.

சட்டம் உங்கள் பக்கம் பேசினாலும் அந்த வாதத்தைச் சாலையில் நடத்தாதீர்கள். மறுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 203(4)இன்படி, சந்தேகம் இருந்து நீங்கள் ஊத மறுத்தால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். 205இன்படி, தக்க காரணமின்றி மறுத்ததையே உங்களுக்கு எதிரான சூழ்நிலையாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். குடிக்காதவருக்கு ஊதுவது அரை நிமிட வேலை. ஊதாமல் விட்டால் ஒரு இரவும் பல வாய்தாவும் போகும். ஆஸ்துமா போன்ற மூச்சுக் கோளாறு இருந்தால் அது 'தக்க காரணம்'. அதை உடனே சொல்லி, ரத்தப் பரிசோதனைக்குத் தயார் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

'எனக்கு எதிராக நானே சாட்சி சொல்ல முடியாது' என்று அரசியலமைப்பின் 20(3)ஐச் சொல்கிறவர்கள் உண்டு. 1961இல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு, கைரேகையும் கையெழுத்து மாதிரியும் 'சாட்சி சொல்வது' ஆகாது என்று தீர்ப்பளித்தது. மூச்சும் ரத்தமும் அதே வகை. தலைக்குள் இருப்பதைக் கட்டாயப்படுத்தி வெளியே எடுப்பது வேறு. 2010இல் செல்வி வழக்கில், மருந்து கொடுத்துப் பேசவைக்கும் நார்கோ சோதனைக்குச் சம்மதம் கட்டாயம் என்று சொன்னது அதனால்தான்.

கருவியை நீட்டியதும் நான்கைக் கவனியுங்கள். ஒன்று, மவுத்பீஸ். உங்கள் கண் முன்னால் கவரைக் கிழித்துப் புதிதாகப் பொருத்த வேண்டும். முன்னால் ஊதியவரின் எச்சில் சுகாதாரக் கேடு மட்டுமல்ல, அதில் இருக்கும் சாராய ஈரம் உங்கள் கணக்கிலும் சேரும். இரண்டு, திரை. நீங்கள் ஊதும் முன் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால், "சார், ஜீரோ வந்ததும் ஊதறேன்" என்று சொல்லுங்கள். மூன்று, ஊதும் முறை. ஆழமாக மூச்சிழுத்து, உதட்டை இறுக்கி, பீப் சத்தம் நிற்கும்வரை சுமார் 5 விநாடி ஒரே சீராக ஊத வேண்டும். விட்டு விட்டு ஊதினால் கருவி ஏற்காது. இரண்டு மூன்று முறை அப்படி நடந்தால் மறுக்கிறீர்கள் என்று எழுதிவிடுவார்கள். நான்கு, அலகு.

அலகில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். அதைத் தாண்டினால்தான் 185ஆம் பிரிவுக் குற்றம். கருவி சதவீதத்தில் காட்டினால் அது 0.03. ஒரு லிட்டர் மூச்சில் எத்தனை மில்லிகிராம் என்று காட்டும் கருவியானால் ஏறக்குறைய 0.14. மூச்சில் இருப்பதுபோல் 2,100 மடங்கு ரத்தத்தில் இருக்கும் என்ற கணக்கை வைத்துதான் கருவி மாற்றிச் சொல்கிறது. ஆகவே 100 மில்லி ரத்தத்துக்கான மில்லிகிராம் கணக்கில் '12' என்றோ '25' என்றோ காட்டினால் ஆல்கஹால் இருக்கிறது என்று பொருளே தவிர, 185ஆம் பிரிவின் 30 மில்லிகிராம் குற்றம் ஆகாது.

பிரிண்ட் சீட்டில் தேதி, நேரம், சோதனை எண், கருவியின் வரிசை எண், அளவு எல்லாம் இருக்கும். ஒரு பிரதி கேளுங்கள். தராவிட்டால் அந்தச் சீட்டையாவது படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். கையெழுத்துக் கேட்டால் படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் "அளவை ஏற்கவில்லை, ரத்தப் பரிசோதனை கேட்டேன்" என்று கையெழுத்துக்கு மேலேயே எழுதுங்கள். வெற்றுத் தாளில் மட்டும் எந்த நிலையிலும் கையெழுத்து வேண்டாம்.

குடிக்காமலே காட்டினால்

வாயில் தங்கிய ஆல்கஹால்தான் முதல் காரணம். மவுத்வாஷ், சில இருமல் மருந்துகள், ஹோமியோபதி டிங்சர், லிக்கர் சாக்லேட் எல்லாம் இதில் சேரும். நம் ஊரில் குறிப்பாக அரிஷ்டமும் ஆசவமும். தசமூலாரிஷ்டம் போன்றவை நொதிக்கவைத்துச் செய்பவை, அவற்றில் இயற்கையாகவே ஆல்கஹால் உண்டு. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மூடி குடித்துவிட்டு உடனே வண்டி எடுத்தால் கருவி கத்தும். கருவியைப் பிடித்திருக்கும் கையில் சானிடைசர் காயாமல் இருந்தாலும் அளவு ஏறலாம்.

இதற்குப் பரிகாரம் சுலபம். வாயில் தங்கியது சுமார் 15 நிமிடத்தில் ஆவியாகிவிடும். "சார், அரிஷ்டம் சாப்பிட்டேன். தண்ணீர் கொப்பளிச்சுட்டு 15 நிமிஷம் கழிச்சு மறுபடியும் ஊதறேன், முடிஞ்சா வேற மெஷின்ல" என்று கேளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரி எடுக்க 203ஆம் பிரிவே இடம் தருகிறது. உண்மையில் குடித்தவருக்கு 15 நிமிடத்தில் பெரிதாக இறங்காது. வாயில் மட்டும் இருந்தவருக்குப் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். இந்த ஒரு கோரிக்கை பொய்க் கேஸையும் மெய்க் கேஸையும் அந்த இடத்திலேயே பிரித்துக் காட்டும்.

சர்க்கரை நோயாளியின் மூச்சில் வரும் அசிட்டோனை, மலிவான செமிகண்டக்டர் சென்சார் கருவிகள் ஆல்கஹால் என்று எடுத்துக்கொள்ளும். ஃபியூயல் செல் கருவிகளில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. எதுவானாலும் காலிபரேஷன் (கருவியின் அளவைச் சரிபார்த்துத் திருத்துவது) தவறினால் கதை மாறும். பெரும்பாலான கருவிகளுக்கு 6 மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒருமுறை அது தேவை.

'கொஞ்சம்தான்' என்கிறவருக்குக் கணக்கு

70 கிலோ எடையுள்ள ஆண் 60 மில்லி பிராந்தியோ விஸ்கியோ குடித்தால் உடம்பில் சேர்வது சுமார் 20 கிராம் ஆல்கஹால். 100 மில்லி ரத்தத்தில் அது ஏறக்குறைய 40 மில்லிகிராம். அந்த ஒரு லார்ஜிலேயே வரம்பு தாண்டிவிடுகிறது. 8 சதவீதம் ஸ்ட்ராங் பீர் 650 மில்லி ஒரு பாட்டில் என்றால் 85ஐ ஒட்டி. குவார்ட்டர் என்றால் 125ஐ ஒட்டி. உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் இறக்கும். ஆக, குவார்ட்டர் அடித்தவர் 30க்குக் கீழே வர 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு 11 மணிக்கு ஹாஃப் முடித்தவர் மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் வரம்புக்கு மேல்தான் இருப்பார். தூங்கி எழுந்தோம், குளித்தோம், மோர் குடித்தோம் என்பதெல்லாம் கல்லீரலுக்குத் தெரியாது. எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் அளவு இதைவிட ஏறும். இது எப்போது ஓட்டலாம் என்று சொல்லும் அட்டவணை அல்ல. வரம்புக்குக் கீழேயும் கை, கண் வேகம் குறையும். குடிக்கப் போகிற அன்று வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

30ஐத் தாண்டினால் நடக்க வேண்டியவை

முதல் குற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை 2 ஆண்டு வரை, அல்லது 15,000, அல்லது இரண்டும். 2019 செப்டம்பர் 1 முதல் இந்தத் தொகைதான். ஹெல்மெட் கேஸைப் போல அங்கேயே கட்டி முடிக்க இதற்கு வழி இல்லை. ஸ்பாட்டில் சமரசம் செய்யத்தக்க குற்றங்களின் பட்டியல் 200ஆம் பிரிவில் இருக்கிறது, அதில் 185 இல்லை. ஆகவே "அஞ்சாயிரம் கொடுத்துட்டுக் கிளம்பு" என்று யார் சொன்னாலும் அது அபராதம் அல்ல, லஞ்சம். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கினால் 7 நாளுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறையிலோ வேறு விசாரணை அமைப்பிலோ புகார் கொடுத்தால் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு உண்டு.

கைது செய்தால் மணியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 202ஆம் பிரிவின்படி, 185க்காகக் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். இல்லையென்றால் காவலில் இருந்து விட்டுவிட வேண்டும். ஸ்டேஷனில் இன்னொரு முறை ஊத வாய்ப்புத் தர வேண்டும் என்று 203(5) சொல்கிறது. இந்த இரண்டும் பலருக்குத் தெரியாது. கேட்டால்தான் கிடைக்கும்.

ரத்தம் எடுப்பது 204இன் கீழ். எடுக்கும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கக் கூடாது. துடைத்தால் மாதிரியே கெட்டது. சோடியம் ஃபுளோரைடு போட்ட குப்பியில் எடுத்து, பெயர், நேரம் எழுதி, உங்கள் எதிரிலேயே சீல் வைக்க வேண்டும். அந்த ரசாயனம் இல்லாவிட்டால் குப்பிக்குள்ளேயே நொதித்து ஆல்கஹால் உருவாக வாய்ப்பு இருக்கிறது. பெண்ணிடம் ஆண் மருத்துவர் ரத்தம் எடுத்தால் கூடவே ஒரு பெண் இருந்தாக வேண்டும்.

ரத்தம் எடுக்காமல், 'வாடை இருந்தது, தள்ளாடினார், கண் விரிந்திருந்தது' என்று மட்டும் சான்றிதழ் எழுதினால் அதன் பலம் குறைவு. ரத்தமோ சிறுநீரோ சோதிக்காமல் இந்த அறிகுறிகளை மட்டும் வைத்துப் போதை நிரூபணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 1971இலேயே சொல்லியிருக்கிறது.

கைதின்போது காரணம் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லும் உறவினருக்குத் தகவல் தர வேண்டும், சாட்சிக் கையெழுத்தோடு கைதுக் குறிப்பாணை எழுத வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36, 47, 48 பிரிவுகள் இவை. 185 ஜாமீனில் விடக்கூடிய குற்றம், ஸ்டேஷனிலேயே ஜாமீன் கேட்கலாம். விதிவிலக்கான சூழ்நிலையும், பெண் காவலரும், மாஜிஸ்ட்ரேட்டின் எழுத்து மூல முன் அனுமதியும் இல்லாமல் சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்யக் கூடாது. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் இலவசச் சட்ட உதவி எண் 15100.

வண்டியைப் பொறுத்தவரை, குடித்தவரை மறுபடி ஓட்டவிட மாட்டார்கள், விடவும் கூடாது. ஆனால் குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஒருவர் கூட இருந்தால் அவரிடம் ஒப்படைக்கலாம். இல்லாவிட்டால் உறவினரை வரவழைக்கலாம். யாருமே வராதபோதுதான் போலீஸ் பாதுகாப்பில் எடுத்துச் செல்ல வேண்டும், ஆவணம் காட்டியதும் திருப்பித் தர வேண்டும் என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021இல் தெளிவாகச் சொன்னது. தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது என்றாலும் வாதத்துக்கு எடுத்துக்காட்டலாம். வண்டியை எடுத்துச் சென்றால் உள்ளே இருக்கும் லேப்டாப், நகை, பணத்தை முதலில் எடுத்துக்கொண்டு, கிலோமீட்டர் ரீடிங்கோடு ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

லைசென்ஸை 206(4)இன் கீழ் எடுத்து ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்புவார்கள். ஒப்புகைச் சீட்டு கட்டாயம் வாங்குங்கள். ஆனால் அந்தச் சீட்டைக் காட்டி வண்டி ஓட்ட முடியாது. வேறு சில குற்றங்களில் முடியும், இதில் முடியாது என்று சட்டமே எழுதியிருக்கிறது.

போன், டிக்கி, கேமரா

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள், அந்தரங்கம் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கிய அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அரசு அதில் கை வைக்க வேண்டுமானால் ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தேவைக்கு மேல் போகக் கூடாது. சாலையில் இந்த மூன்று கேள்வியையும் போனுக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் குடித்திருக்கிறீர்களா என்று வாட்ஸ்அப் சொல்லாது. மோட்டார் வாகனச் சட்டம் போனைத் திறக்கச் சொல்லவில்லை. 2021 அக்டோபரில் ஹைதராபாத்தில் வண்டிகளை நிறுத்தி, சாட்டில் 'கஞ்சா' என்று தேடிப் பார்த்த வீடியோக்கள் வெளிவந்து நாடு முழுக்கக் கண்டனம் எழுந்தது இதனால்தான்.

ஒரு குற்ற விசாரணைக்குப் போன் வேண்டும் என்றால் அதைக் கேட்டு எழுத்தில் உத்தரவு தரலாம், சட்டப்படி கைப்பற்றிப் பட்டியல் எழுதலாம். அப்படிக் கைப்பற்றுவதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்று சன்ஹிதாவின் 105 சொல்கிறது. பாரிகேடு ஓரம் நின்று "லாக்கை எடு" என்பது இதில் எதுவும் இல்லை. சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "சார், டாகுமென்ட் காட்டிட்டேன், ஊதிட்டேன். போன் என்னோட பர்சனல். கேஸ் ஏதாவது இருந்தா எழுத்துல குடுங்க, ஒத்துழைக்கிறேன்." குரல் உயர வேண்டாம். மிரட்டி வாங்கிவிட்டால் தடுத்துக் கைகலக்காதீர்கள். "என் சம்மதம் இல்லாம பார்க்கறீங்க" என்று பக்கத்தில் இருப்பவர் காதில் விழும்படி ஒருமுறை சொல்லுங்கள். சம்மதித்துத்தான் கொடுத்தார் என்று பிறகு எழுத முடியாது.

டிக்கிக்கும் இதே தர்க்கம். மூச்சுச் சோதனைக்கும் டிக்கிக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் மதுவிலக்குச் சட்டம், போதைப்பொருள் சட்டம், ஆயுதச் சட்டம் ஆகியவற்றின் கீழ் சந்தேகம் இருந்தால் வண்டியைச் சோதிக்க அதிகாரம் உண்டு. புதுச்சேரி எல்லைச் சாலைகளில் அது அன்றாடம் நடப்பது. "எந்தச் சட்டத்துல சார்?" என்று கேட்டுவிட்டு, நீங்களே இறங்கி நின்று, உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது பின்னால் இன்னொருவர் குடைய விடாதீர்கள். போதைப்பொருள் சந்தேகத்தில் உடம்பைச் சோதிக்கும் முன், மாஜிஸ்ட்ரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கோரும் உரிமையை அவர்களே உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். தேர்தல் காலத்தில் பறக்கும் படை நிறுத்துவது தனிக் கதை. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் ஆதாரம் கையில் இருக்கட்டும்.

சிலர் நிறுத்தியதும் முகத்தைப் போட்டோ எடுக்கிறார்கள். தமிழ்நாடு போலீஸ் முக அடையாள மென்பொருளைக் களத்தில் போன் வழியாகவே பயன்படுத்துகிறது. 2024 மே மாதம் அதன் போர்ட்டலுக்குள் ஊடுருவல் நடந்த செய்தியும் வந்தது. ஒரு முறை உள்ளே போன முகத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால்தான் இதைச் சின்ன விஷயமாக விட முடியவில்லை. 2022இன் குற்றவியல் அடையாளச் சட்டம், போட்டோவும் ரேகையும் கட்டாயமாக எடுக்க அனுமதிப்பது கைதானவர்கள், தண்டனை பெற்றவர்கள் போன்றோரிடம்தான். ஊதிப் பூஜ்ஜியம் வந்தவரிடம் அல்ல. "எதுக்கு சார் போட்டோ? நான் கைதாகலையே" என்று கேட்கலாம். டி.வி., யூடியூப் மைக் முகத்துக்கு நேரே வந்தால் பதில் சொல்ல எந்தக் கடமையும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

மறுபக்கம், பொது இடத்தில் பணியில் இருக்கும் போலீஸை நீங்கள் வீடியோ எடுப்பதைத் தடுக்கும் பொதுவான சட்டம் இல்லை. இரண்டடி தள்ளி நின்று, வேலையைத் தடுக்காமல், லாக் திரையில் இருந்தே கேமராவைத் திறந்து எடுங்கள். அப்போது போனைப் பறித்தாலும் கேலரி திறக்காது.

கூட வருகிறவர்கள்

ஊதச் சொல்ல முடிவது ஓட்டுகிறவரை அல்லது ஓட்ட முயல்கிறவரை மட்டுமே. பக்கத்து சீட்டில் இருப்பவரையும் பில்லியனில் இருப்பவரையும் 203 தொடாது. ஆனால் குடித்தவர் ஓட்டத் தூண்டினாலோ உடந்தையாக இருந்தாலோ 188ஆம் பிரிவில் அதே தண்டனை உண்டு. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ், கூட வருகிறவர்மீதும் வழக்குப் போடுவோம் என்று அறிவித்தது. நண்பன் குடித்திருப்பது தெரிந்தும் பின்னால் ஏறி உட்காராதீர்கள்.

அதன் பிறகு

கோர்ட்டில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது ஒரு நாளில் முடியும், ஆனால் அது தண்டனைப் பதிவு. அடுத்த முறை 'இரண்டாவது குற்றம்' ஆகிவிடும். உண்மையில் குடித்திருக்கவில்லை என்றால் சீக்கிரம் முடியட்டும் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். சீட்டு, கைது நேரம், மருத்துவப் பரிசோதனை நேரம் மூன்றையும் வக்கீலிடம் கொடுங்கள்.

லைசென்ஸை முடக்குவது பற்றி ஆர்.டி.ஓ.விடம் இருந்து 19ஆம் பிரிவு நோட்டீஸ் வரும். குடிபோதைக்குக் குறைந்தது 3 மாதம் லைசென்ஸை முடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதற்கும் முன் உங்கள் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். நோட்டீஸைக் கிடப்பில் போடாமல் நேரில் போங்கள். உத்தரவு வந்தால் மேல்முறையீட்டுக்கு 30 நாள்.

விபத்தும் சேர்ந்திருந்தால் இன்சூரன்ஸ் தனிப் பிரச்சினை. மூச்சோ ரத்தமோ சோதிக்காத வழக்கிலும், சூழ்நிலையை வைத்துப் போதையை நிறுவி சொந்த வண்டிச் சேதத்துக்கான தொகையை மறுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லியிருக்கிறது. கிரிமினல் கேஸில் ஜெயித்தவர் அங்கே தோற்கலாம்.

புகார் கொடுப்பதானால் அன்று இரவே எழுதுங்கள்: இடம், நேரம், அதிகாரியின் பெயர்ப் பட்டை, ரோந்து வண்டி எண், சொன்ன வார்த்தைகள். மாவட்டத்தில் எஸ்.பி.க்கும், நகரத்தில் கமிஷனருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு நகலை மாநில மனித உரிமை ஆணையத்துக்கு அனுப்பலாம். கருவியின் மீது சந்தேகம் இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். கருவியின் வரிசை எண்ணைக் குறிப்பிட்டு, அது கடைசியாகக் காலிபரேட் ஆன தேதி, அதன் சான்றிதழ் நகல், அன்று இரவு அந்தக் கருவியில் பதிவான எல்லாச் சோதனைகளின் அளவுகளும் நேரமும் (ஆட்களின் பெயர் இல்லாமல்) வேண்டும் என்று கேளுங்கள். பதில் தர 30 நாள் கெடு. சீட்டில் இருக்கும் வரிசை எண் கையில் இல்லாவிட்டால் இந்த மனுவை எழுதவே முடியாது, அதனால்தான் அன்றைக்கே சீட்டைக் கேட்டு வாங்கச் சொன்னது.